உப்பு மலையும் பஞ்சு மலையும்: என் மகனுக்கு

மகனே,

சலாம் சொல்லாமல் தொடங்கக் கூடாது, அதனால் சொல்கிறேன்: அஸ்ஸலாமு அலைக்கும். இதற்கு மேல் இந்தக் கடிதத்தில் உனக்கு இனிப்பாக ஒன்றும் இருக்காது. நேற்றுவரை இதையெல்லாம் வாயால்தான் சொல்லிப் பார்த்தேன். குசினியில் சொன்னேன், காருக்குள் சொன்னேன், நீ சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடும்போது வாசலை மறித்து நின்றும் சொன்னேன். "உம்மா, உங்களுக்கு உது விளங்காது" என்பதைத் தவிர வேறு பதில் உன் வாயிலிருந்து வரவில்லை. அதனால் தமிழ்க் கடை வாசலில் சும்மா எடுத்துக்கொண்டு போக அடுக்கி வைத்திருக்கும் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். மரக்கறி வாங்க வருகிறவர்கள் எல்லாம் படிக்கட்டும். உன் பெயரையும் என் பெயரையும் போடவில்லை. நீ கட்ட இருக்கும் பெண்ணுக்கு அஸீஸா என்றும் அவளுடைய தாய்க்கு ஹலீமா என்றும் நானாகப் பெயர் வைத்திருக்கிறேன். ஆனாலும் ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்கு யார் யார் என்று தெரிந்துவிடும். தெரியட்டும், எனக்கென்ன.

போன கிழமை நீ என்னிடம் வந்து கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "உம்மா, நீங்கள் ஒருக்கா அஸீஸாவோட கதையுங்கோ. அவ உங்கட சொல்லைக் கேப்பா." என்ன கதைக்க வேண்டுமாம்? ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ். அதற்கு முன்பு அவள் உனக்கு ஒரு வாக்குத் தர வேண்டுமாம். நாளைக்குப் பிள்ளைகள் பிறந்தால், ஹலீமா தன் மலாய்க் கதைகளில் ஒன்றைக்கூட அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாதாம். ஏனென்றால் அவை பாரசீகத்திலிருந்து வந்தவை, நெருப்பை வணங்கிய ராசாக்களின் கதைகள், முஸ்லிம் பெயரைப் பூசி மலாய் நாட்டில் உலவவிட்டிருக்கிறார்கள் என்றாய். வாக்குத் தந்தால் கல்யாணம், தராவிட்டால் இல்லை. இதையெல்லாம் நீ என் கையால் போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு அந்தக் கோப்பையைப் பறித்துச் சிங்கில் ஊற்ற வேண்டும் போல இருந்தது.

அவர்கள் வீட்டில் நடந்ததை நீ உன் சிநேகிதர்களுக்கு எப்படிச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நான் பார்த்ததை நான் சொல்கிறேன். அன்று மோதிரம் போட, நகரத்தின் கிழக்குக் கோடியில் ரூஜில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பெரிய கூட்டமில்லை. கணவனை இழந்த ஹலீமா, அவருடைய ஒரே மகள், நீ, நான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் வட்டிலப்பம் செய்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், நீ காரை உலுக்காமல் ஓட்டினாய், அதுவரை நல்ல பிள்ளையாகத்தான் இருந்தாய். மோதிரம் போட்டு முடிந்ததும் ஹலீமா மகளின் இரண்டு கைகளுக்கும் மருதோன்றி அப்பினார். மருதோன்றி காயும்வரை பெண் கையை அசைக்கக் கூடாது, அலுப்புத் தட்டும். அதனால் காயும்வரை கதை சொல்வது தங்கள் வீட்டு வழக்கம் என்று சொல்லிவிட்டு, கம்பளத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்து மலாயில் தொடங்கினார். அஸீஸா கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு எனக்காக ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் மெதுவாகச் சொன்னதால் எனக்கு எல்லாம் விளங்கியது.

பாரசீக நாட்டு இளவரசன் ஒருவன், பெயர் நூர்ஷா. தகப்பன் நெருப்பை வணங்கும் ராசா. சோதிடன் பேச்சைக் கேட்டுப் பெற்ற பிள்ளையை நாட்டைவிட்டுத் துரத்துகிறான். பிள்ளை குதிரையில் ஏறிப் போகிறான், போகிறான், கடைசியில் ஒரு மலை குறுக்கே நிற்கிறது. மலை முழுக்க வெள்ளை, புல் பூண்டு இல்லை, குதிரையின் கால் புதைகிறது. "அது இலவம் பஞ்சு மலை" என்று அஸீஸா சொன்னதும் நான் என்னை மறந்து கத்திவிட்டேன். "இல்லை மகள், உப்பு! உப்பு மலை!" ஹலீமா திரும்பிப் பார்த்தார். பினாங்கில் அவர்கள் தெருவில் தமிழ் முஸ்லிம் கடைகள் இருந்தனவாம், அங்கே பொறுக்கிய நாலு தமிழ்ச் சொல் அவருக்குத் தெரியும். "உப்பா? உப்பா?" என்று கேட்டுக் கைதட்டிச் சிரித்தார். என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அடுத்தவர் சொல்லும் ஒன்றில் எனக்கும் ஒரு சொல் இருந்தது அன்றைக்குத்தான். ஏழு வருசமாக இங்கே தலையை ஆட்டிச் சிரிக்க மட்டும் பழகியிருந்தேன். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய்.

கதை நடந்தது. நூர்ஷா மலையைத் தாண்டி, யாரும் தன்னை அறியாத ஓர் ஊருக்கு வந்து, ஒரு வீட்டில் தண்ணீர் கேட்கிறான். அந்த இடத்தில்தான் நீ தொண்டையைச் செருமினாய். "அன்ரி, இது இஸ்லாமியக் கதை இல்லை, பாரசீகக் கட்டுக்கதை, இதை நாங்கள் சொல்லக் கூடாது" என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பிரசங்கமே வைத்தாய். ஹலீமாவுக்கு உன் வேக ஆங்கிலம் பிடிபடவில்லை. மகளிடம் என்ன சொல்கிறார் மாப்பிள்ளை என்று கேட்டார். அஸீஸா மலாயில் ஏதோ சொன்னாள், ஹலீமா உன்னைப் பார்த்து ஓம் ஓம் என்று தலையாட்டிச் சிரித்தார். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். "கதை மிகவும் பழையதாம், அவருக்குப் பிடித்திருக்கிறதாம்" என்று சொல்லியிருக்கிறாள். உன்னையும் காப்பாற்றி, தாயையும் காப்பாற்றி, ஒரு பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நீ அதைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு ஒரு படிப்பும் தேவையில்லை.

நீ இருக்கவில்லை. நேரே ஹலீமாவின் முகத்தைப் பார்த்து, மலாயில், "புக்கான் இஸ்லாம்" என்றாய். இஸ்லாம் இல்லை என்று அர்த்தம். உனக்குத் தெரிந்த மலாய் எல்லாம் அஸீஸா சொல்லித் தந்தது. கம்பஸ் கன்ரீனில் உட்கார்ந்து, உம்மாவோட ரெண்டு வார்த்தை பேசினால் அவ சந்தோஷப்படுவா என்று ஆசையாக அவள் சொல்லித் தந்த சொற்கள். அதிலிருந்து இரண்டைப் பொறுக்கி எடுத்து அவளுடைய தாயின் முகத்தில் எறிந்தாய். ஹலீமா கதையை நிறுத்தினார். கோபப்படவில்லை, எழுந்து குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து முதல் கோப்பையை உனக்குத்தான் தந்தார். அஸீஸாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. கை முழுக்க மருதோன்றி, அவளால் துடைக்க முடியவில்லை. நான்தான் என் முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டேன். நீ வட்டிலப்பம் சாப்பிட்டாய்.

திரும்பி வரும்போது காருக்குள் உன்னிடம் கேட்டேன், ஏன்டா இப்படிச் செய்தாய் என்று. "உண்மையைத்தானே உம்மா சொன்னன். ட்ரூத் இஸ் ட்ரூத்." சரி, உன் உண்மைக்கே வருகிறேன். மறுநாள் ஒரு கட்டுரையைப் போட்டோகொப்பி எடுத்து வந்து என் மேசையில் வைத்தாய். படித்தால் உம்மா வாயை மூடுவா என்று நினைத்தாய் போல. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதையும் படித்தேன் மகனே. மலாய் நாட்டு முஸ்லிம்கள் சொல்லும் பழைய கதைகளில் பலவும் பாரசீகத்தில் பிறந்தவை என்று அதில் இருக்கிறது, ஓம். ஆனால் அதை எழுதிய மனிதர் அந்தக் கதைகளை ஓர் இடத்திலும் ஏசவில்லை. ஒரு கதை எப்படி அத்தனை கடலைத் தாண்டிப் போனது என்று வியந்து வியந்து எழுதியிருக்கிறார். இன்னொரு பக்கத்தில் அந்தக் கதைகளில் சில தென்னிந்தியத் துறைமுகங்கள் வழியாக, தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரிகளின் கப்பல்களில் போயிருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். உனக்குப் பிடித்த வரிகளுக்கெல்லாம் மஞ்சள் மை பூசியிருந்தாய். இந்த வரிக்குப் பூசவில்லை. ஹலீமாவின் வாய்க்குள் அந்தக் கதையைப் போட்டவர்களில் உன் மூதாதையரும் இருந்திருக்கலாம் என்பது உனக்கு வசதியாக இல்லை, அவ்வளவுதான்.

பாரசீகக் கதை என்பதை நான் எப்போது இல்லை என்றேன்? கதையிலேயே பாரசீகம் என்றுதானே தொடங்குகிறது! அங்கே அது பனி மலையாக இருந்திருக்கும். பனியைக் கண்ணால் காணாத எங்கள் ஆட்கள் அதை உப்பாக்கினார்கள், எங்களுக்கு உப்பளம் தெரியும். மலாய்க்காரர் இலவம் பஞ்சாக்கினார்கள், அவர்களுக்கு அது தெரியும். யாரையும் ஏமாற்ற அவர்கள் அதை மாற்றவில்லை, கேட்கிற பிள்ளைக்கு விளங்க வேண்டும் என்று மாற்றினார்கள். நூர்ஷாவுக்கு ஒரு கிழவர் தண்ணீர் கொடுத்துக் கலிமாச் சொல்லிக் கொடுப்பதாகக் கதையை முடித்தார்கள். இதை ஹதீஸ் என்று உனக்கு யாராவது சொன்னார்களா? ஹலீமா ஐந்து நேரமும் தொழுகிறவர். கதை எது, மார்க்கம் எது என்று அவருக்குத் தெரியாது என்று நினைத்தாயே, அந்தத் திமிரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாரசீகம் வேண்டாம் என்றால் சரி, ஒழுங்காகக் கணக்குத் தீர்ப்போம். முதலில் உன் பெயரைக் கழற்றி வை. வாப்பா ஆசை ஆசையாக வைத்த பெயர், புதுச் சந்தோஷம் என்று பாரசீகத்தில் அர்த்தம். பிறகு பாங்குச் சத்தம் கேட்குது என்று சொல்லாதே. தொழுகைக்கு அழைப்பதைப் பாங்கு என்கிறோமே, அந்தச் சொல்லும் பாரசீகம்தான். மலாய்க்காரரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று அஸீஸா எனக்குச் சொன்னாள். ஊரில் கந்தூரிச் சோற்றுக்கு முதல் ஆளாய்ச் சகன் தட்டைச் சுற்றி உட்காருவாயே, கந்தூரியும் அங்கிருந்து வந்ததுதான், மலாய் நாட்டிலும் அதற்கு ஏறக்குறைய அதே பெயர்தான். உன் பேச்சால் அழுத பெண்ணின் எதிரில் இருந்து நீ வழித்து வழித்துச் சாப்பிட்ட வட்டிலப்பத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்களே மலாய்க்காரர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். வயிற்றுக்குள் போனதை மட்டும் நீ எந்த நாடு என்று விசாரிக்கவில்லை.

இப்போது சொல்லப் போவதை நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டி வந்ததே எனக்கு வெட்கமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கப் பெடியன்கள் விரட்டிய அன்று உனக்குப் பதினாறு வயது. உடுத்த உடுப்போடு தெருவில் இறங்கினோம். துவக்கோடு நின்ற பெடியனிடம் வாப்பா ஏன் தம்பி என்று கேட்டார். "உங்கட ஆக்கள் வந்த இடத்துக்கே போங்கோ" என்றான். வாப்பாவுக்குப் போக வேறு எந்த இடம் தெரியும்? மழைக்குள் நடந்தோம். நீ பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாய், திரும்பிப் போய் அந்தப் பெடியனோடு சண்டைக்கு நிற்பாயோ என்று வாப்பா பயந்தார். அதற்காகத்தான் உன் பக்கத்தில் வந்து, யாருக்கோ சொல்வதுபோல அந்தக் கதையைத் தொடங்கினார். நூர்ஷாவின் கதை. நீ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய், கதை கேட்கிற வயதா எனக்கு என்பதுபோல. உப்பு மலையில் குதிரையின் கால் புதைந்த இடத்தில் வாப்பாவுக்கு இருமல் வந்து நிறுத்தினார். "பிறகு?" என்று கேட்டது நீ. புத்தளம் வரும்வரை எத்தனை தரம் "பிறகு?" என்றாய்! வழியில் ஒரு தமிழ்ப் பெண் குடத்தோடு வந்து எங்களுக்குத் தண்ணீர் ஊற்றினார், வாப்பா உன்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வாப்பா காய்ச்சலோடு கிடந்தபோதும், நீ காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு அந்தக் கதையைத்தான் அவருக்குத் திருப்பிச் சொன்னாய். அவர் அங்கேயே மௌத்தாகிப் போய்விட்டார்.

ஆகவே ரூஜில் ஹலீமா வாயைத் திறந்ததுமே அது எந்தக் கதை என்று உனக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். உன் வாப்பாவின் கதை அது என்று தெரிந்துகொண்டே, நூர்ஷா தண்ணீர் கேட்கிற இடம் வரை பொறுத்திருந்து வெட்டினாய். அந்தத் துவக்குக்காரன் உன் வாப்பாவிடம் கேட்டதைத்தான் நீ ஹலீமாவிடம் கேட்டாய்: நீ எங்கேயிருந்து வந்தாய், அங்கேயே போ. மனிதரைக் கேட்டால் பாவம், கதையைக் கேட்டால் புண்ணியமா? ஒன்று வேறிடத்தில் பிறந்தது என்று கண்டுபிடித்ததும் அதை வெளியே தள்ள வேண்டும் என்று உனக்கு யார் சொல்லித் தந்தது? நாங்கள் இரண்டு பேரும் இந்த ரொறன்ரோவில் யாருடைய மண்ணில் நின்று பனி வழிக்கிறோம்?

நீ தொழுவது எனக்குச் சந்தோஷம். இங்கே வந்து குடித்துக் கெட்டுப்போன பெடியன்களைப் பார்த்து, என் பிள்ளை பள்ளிவாசலில் நிற்கிறான் என்று பெருமைப்பட்டவள் நான். வெள்ளிக்கிழமைகளில் நீ போகும் அந்த மார்க்கப் படிப்பு வட்டத்தைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் மார்க்கம் உன்னை அடுத்த வீட்டுக் கம்பளத்தில் அடக்கமாக உட்கார வைத்திருக்க வேண்டும். கல்யாணம் என்பது இன்னொருவர் வீட்டுக்குள் போவது. அவர்கள் வீட்டில் எதைச் சொல்லிச் சிரிப்பார்கள், எதைச் சொல்லிப் பிள்ளையை நித்திரையாக்குவார்கள் என்று பார்த்துப் பழகுவது. நீ கம்ப்யூட்டரில் இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் திகதியைக் குழப்பப்போகும் பிழைகளைத் தேடித் தேடி அழிக்கிற வேலை செய்கிறாய். நல்ல சம்பளம், நல்ல வேலை. மாமியாரிடம் அந்த வேலையைக் காட்டாதே. ஹலீமாவிடம் போய் மன்னிப்புக் கேள். அதற்கு மலாய் வராவிட்டால் தமிழில் கேள், உன் முகத்தைப் பார்த்தே அவர் விளங்கிக்கொள்வார். நான் கூட வர மாட்டேன். உனக்காகப் பேசப் போக மாட்டேன்.

கடைசியாக ஒன்று. இதை நீ அஸீஸாவிடமிருந்து கேட்பதற்கு முன்பு என்னிடமிருந்து அறிய வேண்டும். முந்தாநாள் அவள் எனக்கு ஃபோன் எடுத்தாள். நீ கேட்ட வாக்கைப் பற்றித் தாய்க்கு இன்னும் சொல்லவில்லையாம், சொன்னால் அவர் மகளின் வாழ்க்கைக்காக ஒத்துக்கொண்டுவிடுவார், அதற்குப் பிறகு ஒரு கதையும் வாயில் எடுக்க மாட்டார் என்று பயப்படுகிறாள். வாக்குக் கொடுத்துவிடலாம் என்று பாதி முடிவோடுதான் எடுத்திருந்தாள். "அன்ரி, ஹி இஸ் அ குட் மேன், ரைட்? கல்யாணத்துக்குப் பிறகு மாறிவிடுவார்தானே?" என்று கேட்டாள். மாறுவான் மகள், பொறுத்துப் போ என்று நான் சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லாத் தாய்மாரும் மருமகளுக்குச் சொல்கிற பதில் அதுதான், அது என் நாக்கு நுனிவரை வந்தது. நான் அதைச் சொல்லவில்லை. "வாக்குக் குடாதே மகள். அவன் அதில பிடிவாதமா நிண்டால், அவனைக் கட்டாதே" என்று சொன்னேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, நீ அவளை எவ்வளவு விரும்புகிறாய் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் உன் கையில் தந்தால், அப்படிச் செய்யச் சொன்னது உன்னைப் பெற்றவள்தான் என்று தெரிந்துகொள். அந்தக் கோபத்தை அவளிடம் காட்டாதே. வீட்டுக்கு வந்து என்னிடம் காட்டு.

உன் உம்மா